அழுத்தும் விரல் நோயாளியுடையதாக இருக்கட்டும்

உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் நகர்ந்தால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். சீன மருத்துவத்தில் அதன் பெயர் நெய்குவான்; நம்மூர் அக்குபஞ்சர் வகுப்புகளில் பி-6. ஊசியும் மருந்தும் இல்லாமல் விரலாலேயே நோயைத் தணிக்கலாம் என்னும் அக்குபிரஷருக்கு நவீன ஆய்வுலகில் கிடைத்திருக்கும் கனமான ஆதாரங்களில் பெரும்பகுதி இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ, அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளைப் படுத்தும் குமட்டலுக்கு 1980-களில் இந்தப் புள்ளியைச் சோதித்துப் பார்த்தார். 1988-இல் கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கு வெறும் விரல் அழுத்தத்தையும் சோதித்தார். அதன்பின் உலகெங்கும் ஆய்வுகள் பெருகின. 2015-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலைப் பற்றி மட்டும் 59 ஆய்வுகளையும் 7,667 நோயாளிகளையும் கணக்கில் எடுத்தது. ஊசி, மின்தூண்டல், விரல், மணிக்கட்டுப் பட்டை என எந்த வழியில் தூண்டினாலும், போலியாக ஓர் இடத்தைத் தூண்டியதோடு ஒப்பிடும்போது குமட்டல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் அதே ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள்.

இந்தத் தரக் குறைவைச் சிறிய விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் கீமோதெரபி பெறும் 500 புற்றுநோயாளிகளிடம் மணிக்கட்டுப் பட்டைகளை வைத்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரு வகைக் குமட்டலில் உதவுவது இன்னொரு வகையில் உதவாமல் போகலாம். வலியிலும் சோர்விலும் இதே போன்ற கலவையான, ஆனால் ஒதுக்க முடியாத முடிவுகள் உண்டு. தைவானில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 129 பேரிடம் நடந்து 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், வழக்கமான பிசியோதெரபியைவிட அக்குபிரஷர் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் சோர்வு விட்டுப்போகாத பெண்களுக்குப் புள்ளிகளைச் சொல்லிக்கொடுத்து, ஆறு வாரம் வீட்டிலேயே தாங்களாக அழுத்திக்கொள்ளச் செய்தார்கள். 2016-இல் வெளியான அந்த முடிவில், அழுத்திக்கொண்ட இரண்டு குழுக்களில் சுமார் 66 சதவீதம், 61 சதவீதம் பேருக்குச் சோர்வு இயல்பான அளவுக்கு இறங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 31 சதவீதம்.

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் கருத்து ஒன்று உண்டு. அக்குபிரஷருக்கு மருத்துவத்தில் இடம் இருக்கிறது. அந்த இடம் குறுகியது. அந்த இடத்தில் நிற்க வேண்டியது நோயாளியின் சொந்த விரல். எந்தெந்தத் தொல்லைகளில் சான்று இருக்கிறதோ அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு செவிலியர் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாடி பிடித்துச் சக்தி ஓட்டத்தை அறிந்து சொல்லும் தனி ஞானம் எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. அக்குபிரஷரின் பயனையும், அதன்மேல் எழுப்பப்பட்டிருக்கும் மெரிடியன் என்னும் சக்தி நாளக் கோட்பாட்டையும் நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிரிக்காமல் இருப்பதால் பயன் சந்தேகத்துக்கு ஆளாகிறது, கோட்பாடோ தனக்கு உரியதல்லாத நம்பிக்கையைப் பெற்றுக்கொள்கிறது.

கோட்பாட்டின் வரலாறே இதைச் சொல்கிறது. சீனாவின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-இல் அகழ்ந்தபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உடலில் ஓடும் தடங்கள் 11 மட்டுமே. அவை ஒன்றோடொன்று இணைந்து சுற்றி வருவதில்லை. ஊசி பற்றிய பேச்சே இல்லை, மூலிகையைக் கொளுத்திச் சூடுகாட்டும் முறைதான் சொல்லப்படுகிறது. அதற்குப் பின் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்னும் பெருநூலில் தடங்கள் 12 ஆகின்றன. நாட்டின் 12 ஆறுகளோடு அவை ஒப்பிடப்படுகின்றன. புள்ளிகள் 365 என்கிறது அந்நூல், ஆண்டின் நாள்கணக்கைப் போல; ஆனால் பெயர் சொல்லிக் குறிப்பிடும் புள்ளிகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 12 தடங்களில் ஒன்று ‘மூவெப்பம்’ என்னும் உறுப்புக்கு உரியது. பெயர் உண்டு, வடிவம் இல்லை என்று பழைய சீன நூலே அதைப் பற்றிச் சொல்கிறது. மூளைக்கென்று 12-இல் ஒரு தடமும் கிடையாது. பேரரசின் நிலத்தையும் நீரையும் காலத்தையும் மனித உடலுக்குள் கண்ட ஒரு நாகரிகத்தின் பெருஞ்சிந்தனை இது. உலகச் சிந்தனை வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு, ஆனால் உடற்கூறு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய பிறகும், உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 361 புள்ளிகளின் இருப்பிடத்தை வரையறுக்க முனைந்தபோது, சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்கள் ஆறு புள்ளிகளில் கடைசிவரை ஒரே முடிவுக்கு வர முடியவில்லை.

நாளங்களைக் கண்ணால் காட்டிவிட முயன்றவர்களும் உண்டு. 1960-களில் வட கொரியாவின் கிம் போங்-ஹான் அவற்றை நுண்குழாய்களாகக் கண்டுவிட்டதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் அவர் பெயரே பொதுவெளியிலிருந்து மறைந்துபோயிற்று. 1980-களில் பாரிஸில் கதிரியக்கப் பொருளைப் புள்ளிகளில் செலுத்தி, அது கோடாகப் பரவுவதைப் படம் பிடித்தார்கள். பின்வந்த ஆய்வுகள், அது சிரை வழியே இயல்பாக வடிந்தோடுவதுதான் என்று காட்டின. அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் லாஞ்செவின் 2002-இல் கையிலுள்ள புள்ளிகளில் பெரும்பாலானவை இணைப்புத் திசுத் தளங்கள் சந்திக்கும் இடங்களோடு பொருந்துவதாக எழுதினார். இவற்றில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது இதுதான். ஆனால் தசைகள் பிரியும் பள்ளங்களில் புள்ளிகள் அமைவது, விரலால் தேடித் தேடிக் கண்ட மருத்துவர்களின் கூர்மையைத்தான் காட்டுகிறது. அந்தப் பள்ளத்திலிருந்து கல்லீரலுக்கு ஒரு சக்திப் பாதை போகிறது என்பதை அல்ல.

அந்தக் கூர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதய நாளம் என்று சீன வரைபடம் காட்டும் கோடு அக்குளில் தொடங்கி, கையின் உட்புறமாகச் சுண்டுவிரலில் போய் முடிகிறது. மாரடைப்பின்போது பலருக்கு வலி பரவும் வழியும் ஏறக்குறைய இதுவே. இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளும் கையின் அந்தப் பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால், மூளை இதயத்தின் வலியைக் கையின் வலியாக எடுத்துக்கொள்கிறது. உள்ளுறுப்பு நோயின்போது தோலில் வலி எங்கெங்கே தெரியும் என்பதை லண்டனில் ஹென்றி ஹெட் 1890-களில்தான் வரைந்து காட்டினார். சீன மருத்துவர்கள் அவருக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே நோயாளி கைகாட்டிய இடங்களைப் பொறுமையாகக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வலி தெரியும் வழி வேறு, மருந்து போய்ச்சேரும் வழி வேறு. இதயத்தின் துயரம் சுண்டுவிரலில் தெரிகிறது என்பதால், சுண்டுவிரலை அழுத்தினால் இதயத்தின் அடைப்பு நீங்கும் என்று ஆகிவிடாது. மெரிடியன் கோட்பாடு தடுமாறுவது இந்த இடத்தில்தான். இந்தத் தடுமாற்றத்துக்கு உயிரே விலையாகலாம்.

கோட்பாட்டை நேரடியாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. முறைப்படி புள்ளிகளில் ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஒற்றைத் தலைவலிக்கு 2005-இல் அங்கேயே நடந்த ஆய்விலும் இதே நிலை. சிகிச்சை பயன் தருகிறது. புள்ளி எது என்பது அவ்வளவாகப் பொருட்டாக இல்லை. இவை ஊசி ஆய்வுகள், விரலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். முன்பு சொன்ன மிச்சிகன் ஆய்வைப் பாருங்கள். அங்கே ஒரு குழுவுக்குக் கொடுத்தவை உடலைத் தளர்த்தும் புள்ளிகள், இன்னொரு குழுவுக்குக் கொடுத்தவை ஊக்கமூட்டும் புள்ளிகள். கோட்பாட்டின்படி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டும் சோர்வைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைத்தன. தூக்கத்தில் மட்டும் தளர்த்தும் புள்ளிகள் முந்தின. போலிக் குத்தலும் உடலைத் தூண்டுவதுதானே, அது எப்படிப் போலியாகும் என்பது அக்குபஞ்சர் தரப்பின் நியாயமான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஏற்றால், தோலை எங்கே தூண்டினாலும் ஓரளவு பலன் உண்டு என்றுதான் ஆகிறது. 361 புள்ளிகளின் துல்லியம் அங்கே கரைந்துபோகிறது.

அப்படியானால் பி-6 மட்டும் போலிப் புள்ளியை வென்றது எப்படி? இந்தக் கேள்வி என் வாதத்துக்கே எதிரானது என்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளத்தின் அடியில் கையின் முக்கிய நரம்புகளில் ஒன்றான மீடியன் நரம்பு ஓடுகிறது. ஓர் இடம் மற்றோர் இடத்தைவிட நரம்பு வழியாக வலுவான செய்தியை மூளைத்தண்டுக்கு அனுப்புவது இயல்பானதே. அழுத்தமும் உரசலும் வலிச்செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும் என்பதற்கு மெல்சாக்கும் வாலும் 1965-இல் கொடுத்த விளக்கம் இன்று திருத்தங்களோடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புள்ளிக்குத் தனித்தன்மை இருக்கலாம். அதற்காக இதய உறையிலிருந்து நடுவிரல் வரை ஓடும் ஒரு கண்காணா ஆற்றை நம்ப வேண்டிய கட்டாயம் எழவில்லை. நம் வர்ம மரபையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். குமரி மாவட்டத்து ஆசான்கள் போற்றிவந்த படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்னும் 108 இடங்களின் கணக்கு, சீனரின் 12 நாளங்களோடும் 361 புள்ளிகளோடும் ஒத்துப்போவதில்லை. இரண்டு மரபிலும் கைதேர்ந்தவரின் விரல் பட்டு வலி தணிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வரைபடங்களும் ஒரே நேரத்தில் உடலின் உண்மைப் படமாக இருக்க முடியாது. ஆனால் இரண்டிலும் பொதுவாக இருப்பது பயின்ற விரலும் அக்கறையான தொடுதலும்.

இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் பொய்யாகுமா என்பது அடிக்கடி எழும் வாதம். நோயாளியின் சிரையைக் கீறிக் குருதி வடிக்கும் சிகிச்சையும் ஐரோப்பாவில் ஏறத்தாழ அவ்வளவு காலம் நீடித்தது. காலம் மட்டுமே சான்றாகாது. சீனாவிலேயே 1822-இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபஞ்சரை நீக்கினார்; இடையறாத ஒரே மரபாக அது வந்துசேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் குணமடைந்தார்களே என்பது இன்னும் வலுவான வாதம், ஏனென்றால் அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் இடுப்புவலி, தலைவலி, வயிற்றுப் பொருமல் போன்றவை ஏறியும் இறங்கியும் வருபவை. உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சையைத் தேடிப் போகிறார்கள். அதன்பின் அது தானாக இறங்கினாலும் பெயர் கடைசியாகத் தொட்டவருக்குப் போகும். இதைப் பிரித்தறியத்தான் ஒப்பீட்டுக் குழு வைத்து ஆய்வு செய்கிறோம். அந்த ஆய்வுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ரூ விக்கர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் நாடுவாரியாகப் பார்த்தபோது, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்த அக்குபஞ்சர் ஆய்வுகள் ஒன்றுகூடத் தோல்வியைச் சொல்லவில்லை. தோல்வியே காணாத ஆய்வுக்குவியலை அப்படியே நம்பிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு அடிப்படை, 2003-இல் அது வெளியிட்ட ஓர் அறிக்கை. அதில் 28 நிலைகளில் அக்குபஞ்சர் பயன்படும் என்ற பட்டியல் இருக்கிறது. அது 1999-இன் தொடக்கம் வரை வந்த ஆய்வுகளைத் திரட்டியது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட மேற்சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாம் அதன்பின் வந்தவை. ஊசிக்கான அந்தப் பட்டியலை விரல் தொடுதலுக்கு நீட்டிக்கொள்வதும் சரியல்ல.

நாடி பார்த்து ஆளுக்கேற்பப் புள்ளி தேர்வதால் பொது ஆய்வுகள் எங்களுக்குப் பொருந்தா என்பார்கள். அமெரிக்காவில் இடுப்புவலியுள்ள ஒரே பெண்ணை ஏழு அக்குபஞ்சர் மருத்துவர்களிடம் காட்டியபோது அவர்கள் பரிந்துரைத்த புள்ளிகள் மொத்தம் 28. அவற்றில் இரண்டு பேராவது ஒத்துச் சொன்னவை நான்கே நான்கு. ஆளுக்கேற்ப மாறுவது மருத்துவம். பார்ப்பவருக்கேற்ப மாறினால், நோயாளி எதை நம்பித் தன் மாத்திரையை நிறுத்துவார்?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி தள்ளிப்போட முடியாதது. ஊசியைக்கூட விட்டுவிட்டு, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடும் ‘தொடு சிகிச்சை’ இங்கே ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. நோய் என்பது கழிவுத் தேக்கம், உடலே மருத்துவர், ரத்தப் பரிசோதனை வேண்டாம், மருந்து எல்லாமே நஞ்சு என்பவை அதோடு சேர்ந்தே போதிக்கப்படுகின்றன. தொடுதலால் தீங்கு இல்லை என்பது ஓரளவு சரி. அதிலும் காலில் ரத்தக்கட்டு உள்ளவர்கள், ரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள் ஆகியோரிடம் பலமாக அழுத்துவது ஆபத்து. பெரிய தீங்கு தொடுதலில் இல்லை, தொடுதலுக்காகக் கைவிடப்படும் சிகிச்சையில் இருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். எந்தப் புள்ளியும் கணையத்தில் அழிந்துபோன செல்களைத் திரும்பக் கொண்டுவராது. மார்பில் கட்டி கண்ட பெண் ஆறு மாதம் தொடு சிகிச்சைக்குப் போய்வந்தால், அவர் இழப்பது அந்தக் கட்டணத்தை அல்ல, குணமாகும் வாய்ப்பை. ஊசி இல்லை என்பதையே பாதுகாப்பின் முத்திரையாகக் காட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்கு நவீன மருத்துவமும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவரிடம் கிடைக்காத செவிமடுத்தல் அங்கே கிடைக்கிறது. செலவு குறைவு. தேவையற்ற பரிசோதனைகளாலும் தனியார் மருத்துவமனைக் கட்டணங்களாலும் காயப்பட்டவர்களின் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்துக்கு மருந்தாக அறிவியலை மறுக்கச் சொல்லிக்கொடுப்பது, காயப்பட்டவர்களையே இரண்டாவது முறை காயப்படுத்துவது.

மத்திய அரசு 2003-இல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. மேற்கு வங்கம் 1996-லேயே இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஜப்பானில் ஷியாட்சு போன்ற அழுத்தச் சிகிச்சை செய்பவர்கள் மூன்றாண்டு படித்து, தேசியத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். உடற்கூறும் நோய்க்கூறும் அந்தப் படிப்பில் அடக்கம். தமிழ்நாட்டில் சில வார வகுப்பும் ஒரு சான்றிதழும் கையிலிருந்தால் ஹீலர் என்று பலகை வைத்துவிட முடிகிறது. இந்த நிலைமை மாற வேண்டும். கூடவே, நல்லதை மருத்துவமனைக்குள் கொண்டுவரும் வேலையும் நடக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் வலி தணிப்பு மையங்களிலும் செவிலியர்கள், மருந்தோடு சேர்த்து, நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் சில புள்ளிகளை அழுத்தக் கற்றுத்தரலாம். இதற்குச் செலவென்று எதுவும் இல்லை. பலன் இருக்கிறதா என்பதை நம் நோயாளிகளிடமே முறையாகப் பதிவு செய்து வெளியிடலாம். தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வர்ம சிகிச்சையையும் இதே கண்டிப்போடு சோதிக்க ஏற்ற இடம். உரிமம் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லமாட்டேன் என்ற எழுத்துறுதியை அரசு வாங்க வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலி இடது கையில் இறங்குகிறது என்று வருபவரிடம் புள்ளி தேடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.